கிணறும் நூலும்

1

நல்ல தண்ணீருக்காக மனிதன் மனிதனிடம் கையேந்தி நிற்க நேர்ந்த மண் நமது தீவகம். நாற்புறமும் கடல், தோண்டும் இடமெல்லாம் உவர், ஊருக்கு ஒன்றிரண்டு நன்னீர்க் கிணறுகள். அக்கிணறுகளைச் சுற்றியே தீவகத்தின் சமூக வரலாறு எழுதப்பட்டிருக்கிறது என்றால் அது மிகையன்று. 1971ஆம் ஆண்டில் புங்குடுதீவில், கண்ணகி அம்மன் கோயிலை அடுத்த நன்னீர்க் கிணற்றில் தாழ்த்தப்பட்ட மக்களும் நீரள்ளும் உரிமை பெறவேண்டுமென்று ஒரு சத்தியாக்கிரகம் நடைபெற்றது. அதன் முன்னணியில் நின்றவர் மு. தளையசிங்கம். ஆசிரியர், சிறுகதையாளர், விமரிசகர், தனக்கென ஒரு தத்துவ நோக்கைத் தேடிய சிந்தனையாளர். பொலிஸார் அவரைக் கைதுசெய்தனர், தாக்கினர். இரண்டாண்டுகள் கழித்து, 1973இல், நாற்பது வயதைக் காணாமலே அவர் மறைந்தார்.

இவ்வரலாற்றை இங்கு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன் குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்காகக் காத்திருந்தோர் கூட்டத்தில் நானும் ஒருவனாக நின்றேன். பக்கத்தில் ஓர் இளைஞன் கைத்தொலைபேசியில் ஏதோ நூலைப் படித்துக்கொண்டிருந்தான். பழுப்பேறிய தாள்களைப் படம்பிடித்துச் சேர்த்த பிரதி அது என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. அவனருகே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். தம் கைக்காசைச் செலவிட்டு இரண்டு நூல்களை அச்சிட்டவர்.

“தம்பி, அது ஆற்றை புத்தகம்?”

“எங்கடை ஊர் ஆள் எழுதினதுதான், மாஸ்டர். கடையள் எல்லாம் தேடிப்போட்டன், கிடைக்கேல்லை. ஆரோ படமெடுத்து அனுப்பினது.”

“எழுதின மனிசன்ரை வீட்டுக்கு ஒரு சதம் போச்சோ?”

“அச்சிலை இல்லாத புத்தகத்துக்கு நான் ஆரிட்டைக் காசு குடுக்கிறது, மாஸ்டர்?”

ஆசிரியர் மறுமொழி சொல்லவில்லை. இளைஞனும் வென்றவன்போல் முகங்காட்டவில்லை. தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். படகு வந்தது. இருவரும் ஒருவருக்கொருவர் கைகொடுத்து ஏறினர்.

இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. இருவர் நியாயத்துக்கும் இடந்தரும் ஓர் ஒழுங்கு நம்மிடம் இல்லை. அதுவே இக்கட்டுரையின் பொருள்.

2

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலிற் பார்ப்போம். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒரு படைப்பின் உரிமை எழுதியவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்தபின் எழுபது ஆண்டுகளும் நிலைத்திருக்கும். இதனைத் தீவகத்து எழுத்தாளர்களுக்குப் பொருத்திப் பாருங்கள். தளையசிங்கத்தின் எழுத்துகள் 2043ஆம் ஆண்டு முடியும்வரை பூட்டுக்குள் இருக்கும். ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனிற் பிறந்து 1980இல் மறைந்த தனிநாயகம் அடிகளின் எழுத்துகள் 2050வரை. புங்குடுதீவின் கவிஞர் சு. வில்வரத்தினம் 2006இல் மறைந்தார். அவர் கவிதைகள் 2076வரை. இன்று பிறக்கும் குழந்தை ஐம்பது வயதைத் தொடும்போதுதான் வில்வரத்தினத்தின் கவிதையை எவரிடமும் அனுமதி கேளாமல் மறுபதிப்புச் செய்ய இயலும்.

எழுபது என்ற எண்ணுக்கு இயற்கை நியாயம் ஏதும் இல்லை. உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கை கோருவது ஐம்பது ஆண்டுகளே. நாம் அதற்கு மேலும் இருபதைக் கூட்டிக்கொண்டோம். இந்தியா அறுபது ஆண்டு என்கிறது. தாகூரின் நூல்கள் மீதான உரிமை 1991இல் முடிவடைய இருந்த வேளையிலே, ஐம்பதாக இருந்த காலவெல்லையைப் பத்து ஆண்டு நீட்டி 1992இல் சட்டந் திருத்தினார்கள். தீவகத்து மக்கள் பெருந்தொகையாகக் குடியேறி வாழும் கனடாவில் நடந்தது இதனினும் விசித்திரமானது. அங்கே நெடுங்காலமாக இறப்பின்பின் ஐம்பது ஆண்டுகளே எல்லையாக இருந்தன. அந்நிலை நீடித்திருக்குமாயின், தளையசிங்கம் உயிருடன் இருந்தபோது அச்சேறிய நூல்கள் 2024 ஜனவரி முதலாந் திகதி ரொறன்ரோத் தமிழருக்குப் பொதுச்சொத்தாகியிருக்கும். ஆனால் அமெரிக்காவோடும் மெக்சிக்கோவோடும் செய்த வர்த்தக உடன்படிக்கையின் விளைவாக, 2022 டிசம்பர் 30 முதல் கனடா எழுபது ஆண்டுகளுக்கு மாறிற்று. புங்குடுதீவிலே நல்ல தண்ணீருக்காக அடிபட்ட ஒருவரின் எழுத்துக்கு, அவரைக் கேள்விப்பட்டே இராத மூன்று நாடுகளின் வணிகப் பேரம் இருபது ஆண்டு கூடுதற் பூட்டுப் போட்டது!

இந்தப் பூட்டினால் யார் பயனடைந்தனர்? எழுத்தாளனா? அவன் இறந்துவிட்டான். அவன் வழித்தோன்றல்களா? ஈழத்துத் தமிழ்நூல் ஒன்றின் பொருளாதாரத்தை அறிந்தவர் எவரும் அவ்வாறு சொல்லார். சில நூறு பிரதிகள் அச்சாகும்; வெளியீட்டு விழாவில் உறவினரும் நண்பரும் சில பிரதிகளை வாங்குவர்; எஞ்சியவை எழுதியவரின் வீட்டு அலமாரியிற் கறையானுக்காகக் காத்திருக்கும். எழுபது ஆண்டு உரிமையினால் வாழ்வு பெறுவோர் பெரும் பதிப்பகங்களும் இசைத்தட்டு, திரைப்படக் கம்பனிகளுமே. அவர்கள் அளவுக்குத் தைத்த சட்டையை நமது சின்னஞ்சிறு நூல்களுக்கு அணிவித்திருக்கின்றனர். நூல் அதனுள் மூச்சுத் திணறுகிறது.

3

படியெடுத்தல் நமது மரபிலே களவாகக் கருதப்பட்டதில்லை. அது கடமையாக இருந்தது. ஓலைச்சுவடிக்கு ஆயுள் குறைவு; செல்லும் இராமபாணப் பூச்சியும் ஈரக்காற்றும் அதனைத் தின்னும். ஒரு தலைமுறை படியெடுக்க மறந்தால் ஒரு நூல் இறந்தது. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடியதன் பொருள் இதுவே. அவர்கள் கைக்குக் கிட்டியது, யாரோ பெயர் தெரியாத ஒருவன் முன்னொரு காலத்திற் படியெடுத்து வைத்தமையாலேதான்.

தீவகமே தந்த சான்றும் ஒன்றுண்டு. தனிநாயகம் அடிகள் ஐரோப்பிய நூலகங்களிலே பழந்தமிழ் அச்சு நூல்களைத் தேடி அலைந்தவர். அந்தாவ் த புரோயென்சா என்னும் பாதிரியார் தொகுத்த தமிழ்-போர்த்துக்கீச அகராதி 1679இல் அச்சானது. தமிழ்நாட்டிலோ ஈழத்திலோ கைக்கெட்டாத அந்நூலை, வத்திக்கான் நூலகத்திற் பாதுகாக்கப்பட்ட பிரதியைக்கொண்டு 1966இல் கோலாலம்பூரில் அவர் மீண்டும் பதிப்பித்தார். ஒரு தமிழ்நூல் உயிர் பிழைத்தது, அதன் பிரதி ஒன்று ஏழு கடலுக்கு அப்பால் இருந்தமையால். பிரதி பெருகுவதே நூலுக்குக் காப்பு என்பதைக் கரம்பொன் ஈன்ற அந்த அறிஞரின் வாழ்க்கை நமக்குச் சொல்கிறது.

இதற்கு மறுதலையான பாடத்தை யாழ்ப்பாணம் தீயினாற் கற்றது. 1981 மே 31ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. மாற்றுப் பிரதியற்ற ஏடுகளும் அவற்றுள் இருந்தன. அதன்பின் பத்தாண்டுகளுக்குள், 1990இலும் 1991இலும் நடந்த படை நடவடிக்கைகளால் தீவக மக்கள் வீடு வாசலை விட்டு ஓடினர். ஓடுபவன் எதை எடுத்துச் செல்வான்? பிள்ளையை எடுப்பான், காணி உறுதியை எடுப்பான், இயன்றால் ஒரு பை அரிசி. புத்தகப் பெட்டியை எவன் தூக்குவான்? வெறிச்சோடிக் கிடந்த ஊரை வில்வரத்தினம் ‘காற்றுவெளிக் கிராமம்’ என்னும் தொகுதியிற் பாடினார். 1995இல் வெளிவந்த அத்தொகுதியின் பெயரே அன்றைய தீவகத்துக்குப் போதிய விளக்கம். அந்தக் காற்றுவெளியிலே, கூரை இழந்த வீடுகளுக்குள், எத்தனை சஞ்சிகைகள், எத்தனை கையெழுத்துப் பிரதிகள் மழையிற் கரைந்தன என்பதற்குக் கணக்கில்லை.

இத்தகைய மண்ணிலே நின்றுகொண்டு “பிரதி எடுக்காதே” என்று சொல்வதற்கு மிகுந்த துணிச்சல் வேண்டும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் ஈழத்து இளைஞர்கள் தன்னார்வத்தாற் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகமும் இந்தப் பின்னணியில் வைத்தே மதிப்பிடப்படவேண்டியவை. வீட்டு மூலையிற் கிடந்த சஞ்சிகையும் துண்டுப்பிரசுரமும் பாடசாலை மலரும் இன்று உலகின் எந்த மூலையிலிருந்தும் படிக்கக் கிடைக்கின்றன என்றால், ஊதியமின்றித் தாள் தாளாக வருடி எடுத்த அந்தக் கைகளுக்கு நமது இலக்கிய உலகம் கடன்பட்டிருக்கிறது. எழுத்தாளரிடம் அனுமதி கேட்டுப் பெறும் பண்பையும் ‘நூலகம்’ வளர்த்துக்கொண்டது. எழுதியவர் உயிருடன் இருந்தால் அவரைக் கேட்கலாம். இறந்தவரின் பிள்ளைகள் ஒருவர் பாரிஸில், ஒருவர் மெல்பேணில், ஒருவர் எங்கென்றே தெரியாத நிலையில், யாரைக் கேட்பது? யுத்தம் சிதறடித்த ஒரு சமூகத்துக்கு ‘உரிமையாளரைத் தேடிப் பிடித்து வா’ என்று கட்டளையிடும் சட்டம், அச்சமூகத்தைப் பற்றி எதுவும் அறியாத சட்டமேயாகும்.

நூலகங்களுக்கு நமது சட்டம் ஒரு சிறு வாசலைத் திறந்துதான் வைத்திருக்கிறது. சிதைந்த பிரதியைப் பாதுகாக்கவோ ஈடுசெய்யவோ படியெடுக்கலாம். ஆனால் அது அலமாரிக்குச் செல்லும் வாசல். வாசகனுக்குச் செல்லும் வாசல் அன்று. அமெரிக்காவிலும் இதே முட்டுக்கட்டை. அச்சுநூல்களை வருடி ஒருவர் பின் ஒருவராக இரவல் கொடுத்த இணைய ஆவணகத்துக்கு எதிராக நான்கு பெரும் பதிப்பகங்கள் 2020இல் வழக்குத் தொடுத்தன. 2024 செப்டெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் பதிப்பகங்களின் பக்கமே தீர்ப்பளித்தது. நூலகம் என்ற நிறுவனமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படும் காலம் இது.

4

இவ்வளவும் சொன்னபின், மறுபக்கத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. “எல்லாம் இலவசம், எல்லாம் பொது” என்று முழங்குவோர் இன்று பெருகியிருக்கின்றனர். அவர்களிற் பலர் முற்போக்கு மொழியிலேயே பேசுகின்றனர். அறிவு பொதுவுடைமை என்று சொல்லிக்கொண்டு, நேற்று வெளிவந்த நூலைப் படம்பிடித்து இன்று ஆயிரம் தொலைபேசிகளுக்கு அனுப்பும் ஒருவரை நான் கேட்க விரும்புவது இதுதான்: கடையிலே அரிசி வாங்கும்போது நீங்கள் பொதுவுடைமை பேசுவதுண்டா? தொலைபேசிக்கும் அதன் இணைப்புக்கும் மாதந்தோறும் தவறாமற் பணம் கட்டும் நாம், எழுதியவனுக்கு மட்டும் கொடுக்க மறுப்பது எந்த வகைப் புரட்சி? உழைப்பவனுக்கு உழைப்பின் பயன் சேரவேண்டும் என்பது நமது அடிப்படைக் கோட்பாடாயின், எழுத்தும் உழைப்பே. கைக்காசைப் போட்டு அச்சிட்ட அந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் முதலாளி அல்லர். தம் கருவியைத் தாமே வைத்திருக்கும் கைவினைஞர். அவரை நோகடிப்பதால் எந்தச் சுரண்டலும் ஒழிந்துவிடாது.

கிணற்று உவமை இவ்விடத்தில் நமக்கு எச்சரிக்கையாகவும் வருகிறது. நீரள்ளும் உரிமை உயிர் வாழும் உரிமை. நூல் படிக்கும் உரிமையை அதற்கு நிகராக வைத்தால், அந்தக் கிணற்றடியிற் தலைமுறை தலைமுறையாக அவமதிக்கப்பட்ட மக்களின் வேதனையை மலிவாக்கியவர்களாவோம். அத்தோடு இன்னொரு வேற்றுமையும் உண்டு. கிணற்றில் அள்ளினால் நீர் குறையும். கோடையில் அடி தெரியும். நூலைப் படியெடுத்தால் மூலப்பிரதியில் ஓர் எழுத்தும் குறைவதில்லை. குறையக்கூடியது எழுதியவனின் வருவாய் ஒன்றே. ஆகவே, வருவாய் இருக்கும் இடத்தில் அதைக் காப்பாற்று; வருவாய் முற்றாக இல்லாத இடத்தில் வெறும் பூட்டைக் காப்பாற்றாதே — இதுவே நியாயமான அளவுகோல் என்று கருதுகின்றேன். விற்பனையில் உள்ள நூலைத் திருடுவது தவறு. அச்சில் இல்லாத, எவரும் மறுபதிப்புச் செய்ய முன்வராத நூலை மறைத்து வைப்பதும் அதேயளவு தவறு.

தமிழுலகம் இச்சிக்கலுக்கு ஒருமுறை நல்ல விடை கண்டதை மறந்துவிட்டோம். பாரதியாரின் எழுத்துகள் மீதான உரிமை பலரது கைகளுக்கு மாறியது. பாடல்களின் இசைத்தட்டு உரிமை திரைப்பட அதிபர் ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் வரை சென்றது. மக்களின் கவியை மக்களுக்கே தரவேண்டுமென்று எழுந்த கோரிக்கையின் விளைவாக, செட்டியார் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1949இல் சென்னை அரசு பாரதி நூல்களின் உரிமையைப் பெற்றது. பின்னர் அவை யாவருக்கும் பொதுவாக்கப்பட்டன. அதன்பின் தமிழ்நாட்டரசு வேறு பல எழுத்தாளரின் நூல்களையும் நாட்டுடைமையாக்கி, அவர்தம் குடும்பத்துக்குப் பரிவுத்தொகை வழங்கி வந்துள்ளது. குடும்பத்துக்கும் பங்கு, மக்களுக்கும் நூல். குறைகள் இருக்கலாம்; எனினும் வழி இருக்கிறது என்பதற்கு இது சான்று. இலங்கை அரசு தமிழ் எழுத்தாளர் ஒருவருக்கும் இவ்வாறு செய்யும் என்று காத்திருப்பது வீண். ஆனால் தீவகத்து ஊர்ச் சங்கங்கள் கனடாவிலும் இங்கிலாந்திலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் இயங்குகின்றன. கோயிற் கோபுரத்துக்கு நிதி திரட்டத் தெரிந்த நமக்கு, ஊரின் ஓர் எழுத்தாளனுடைய உரிமையை அவன் குடும்பத்திடம் மதிப்போடு வாங்கி ஊருக்குப் பொதுவாக்கத் தெரியாதா?

இங்கே நமது முகாமைப் பற்றியும் ஒரு சொல். தளையசிங்கம் முற்போக்கு இலக்கிய அணியைக் கடுமையாக விமரிசித்தவர்; ‘ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி’ என்னும் அவர் நூல் அதற்குச் சான்று. அவருடைய ஆத்மிக நோக்கை நாம் ஏற்கவில்லை. இன்றும் ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் சாதிக்கு எதிராகச் சில கட்டுரைகள் எழுதியதோடு நின்றுவிட்ட நம்மிற் பலரை நோக்க, கிணற்றடியில் அடிவாங்கிய அவர் எங்கே நின்றார் என்பதை ஒப்புக்கொள்ளும் நெஞ்சுரம் நமக்கு வேண்டும். கருத்தால் முரண்பட்டவரின் நூலும் வாசகனுக்குக் கிடைக்கவேண்டும் என்று வாதாடுவதே முற்போக்கு. அவரை மறுப்பதற்குக்கூட அவர் நூல் கைக்கு வரவேண்டும் அன்றோ?

5

காகிதத்திலிருந்து கருவிக்கு மாறியதால் உரிமையின் பொருளே மாறிவிட்டது என்பதையும் வாசகர்கள் உணரவேண்டும். அச்சு நூலை வாங்கியவன் அதற்கு உடையவன், இரவல் கொடுப்பான், பேரனுக்கு விட்டுச் செல்வான். மின்னூலை வாங்குபவன் உண்மையில் வாங்குவது ஓர் அனுமதிச் சீட்டை மட்டுமே. 2009 ஜூலையில் அமேசன் நிறுவனம், உரிமைச் சிக்கல் ஒன்றைக் காரணங்காட்டி, வாசகர்கள் ஏற்கெனவே பணங்கொடுத்து வாங்கியிருந்த நூல்களை அவர்களது கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தவாறே அழித்தது. அழிக்கப்பட்டவற்றுள் ஒன்று, ஆட்சியாளர் பழைய எழுத்துகளை அழிப்பதைப் பற்றிய ஓர்வலின் ‘1984’ என்னும் நாவல்! பின்னர் நிறுவனம் மன்னிப்புக் கோரிற்று. மன்னிப்பைக் காட்டிலும் நமக்கு முக்கியமானது, அவ்வாறு அழிக்கும் திறவுகோல் அவர்கள் கையில் இருக்கிறது என்ற செய்தி. யாழ்ப்பாண நூலகத்தை எரிக்க ஆட்கள் வரவேண்டியிருந்தது. இன்றைய நூலகத்தை அழிக்க ஒரு பொத்தான் போதும்.

மென்பொருளின் சிறுமைகளும் நம்மைப் பாதிக்கின்றன. தொண்ணூறுகளிலும் அதற்குப் பின்னும் யாழ்ப்பாணத்து அச்சகங்கள் பெரும்பாலும் பாமினி போன்ற எழுத்துருக்களிலே நூல்களைக் கோத்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே அக்கோப்பைத் திறந்தால் தமிழ் தோன்றாது. பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும். எழுதியவர் தம் நூலின் கோப்பைப் பத்திரமாக வைத்திருப்பதாக நம்புவார். இருபது ஆண்டு கழித்துத் திறந்தால் அது புதிர். ஒருங்குறி என்னும் பொதுக்குறியீடு இச்சிக்கலுக்கு விடை தந்தது. நாடு, நிறுவனம், எழுத்துரு எதுவாயினும் ‘அ’ என்பது எங்கும் ஒரே எண். யாரும் தனியுரிமை கொண்டாட முடியாத குறியீட்டில் எழுதி வைப்பதும் ஒருவகைப் பொதுக்கிணறு தோண்டும் பணிதான். பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அச்சக உரிமையாளரும் எழுத்தாளரும் ஒருநாட் பொழுதைச் செலவிட்டால் ஒரு நூல் பிழைக்கும்.

6

இதுகாறும் திறக்கப்படவேண்டியவற்றைப் பற்றிப் பேசினோம். மூடப்படவேண்டியவையும் உண்டு. எண்ணிமப் பதிப்பின் ஆர்வலர்கள் பலரும் கண்டும் காணாமற் செல்லும் பகுதி இது.

யாழ்ப்பாணத்து மரபிலே ஒருவர் இறந்தபின் அந்தியேட்டி நாளில் அவர் நினைவாக ஒரு சிறு மலர் அச்சிட்டு வழங்குவர். கல்வெட்டு என்பது அதன் பெயர். தேவார திருவாசகங்களோடு இறந்தவரின் வரலாறும், மனைவி மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், சம்பந்திகள் பெயர்களும், யார் எந்த ஊரில், எந்த நாட்டில், எந்தத் தொழிலில் என்ற விபரங்களும் அதில் நிறைந்திருக்கும். சமூக வரலாறு எழுதுவோனுக்கு இவை பொன். புலப்பெயர்வு, திருமண உறவு, தொழில் மாற்றம், சாதியின் மௌனமான எல்லைகள் யாவற்றையும் இவற்றிலிருந்து வாசிக்கலாம். இவற்றைச் சேகரித்துக் காப்பது பெரும்பணி என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் இருநூறு உறவினர் கையில் கொடுப்பதற்காக அச்சிட்ட ஒன்றும், உலகில் எவரும் பெயரைத் தட்டித் தேடக்கூடிய ஒன்றும் ஒன்றல்ல. அம்மலரில் ஐந்து வயதுப் பேத்தியாக இடம்பெற்ற பெண் இன்று முப்பது வயதினள். தன் பெயரும் குடும்ப மரமும் எல்லோர் கண்ணிலும் படுவதை அவள் விரும்புகிறாளா என்று எவரும் அவளிடம் கேட்கவில்லை. பொருத்தம் பார்ப்பவனுக்கு அது சாதி அறியும் ஏடாகிறது; மோசடிக்காரனுக்கு முகவரிப் புத்தகமாகிறது. தாழ்த்தப்பட்டவர் என்ற முத்திரையைத் தாண்டி வேறு ஊரில் புதுவாழ்வு தொடங்கிய ஒருவரை, பழைய ஊரின் பெயர் துரத்திச் சென்று பிடிக்கிறது. சாதியை எதிர்க்கும் நாம் அதற்கு ஒரு தேடுபொறியைச் செய்து கொடுத்துவிடக் கூடாது.

பெயர்ப் பட்டியல் என்றால் என்ன என்பதைத் தமிழருக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. 1983 ஜூலையிற் கொழும்பிலே கும்பல்கள் வாக்காளர் பட்டியல்களைக் கையிலேந்தித் தமிழர் வீடுகளைத் தேடி வந்தன. வாக்களிப்பதற்கென எழுதிய பெயர், வீட்டை எரிப்பதற்குப் பயன்பட்டது. ஒரு நோக்கத்துக்காகக் கொடுத்த விபரம் வேறு நோக்கத்துக்குத் திரும்புவதே அந்தரங்கத்தின் முழுச் சிக்கலும். இலங்கை 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதே ஆண்டிலே, முகம், கண்மணி, கைரேகை ஆகியவற்றைப் பதிவுசெய்யும் எண்ணிம அடையாளத் திட்டத்துக்காக இந்திய உதவி உடன்படிக்கையும் கைச்சாத்தாயிற்று. காப்புச் சட்டமும் சேகரிக்கும் திட்டமும் ஒன்றாக நடக்கின்றன. எது முன்னே செல்லும் என்பதை விழிப்புடன் கவனிக்கவேண்டியவர்கள் பட்டியலின் கொடுமையை அனுபவித்த நாமே.

இப்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இறந்துபோன எழுத்தாளன், ‘என் மக்கள் படிக்கட்டும்’ என்று எழுதிய நூலை எழுபது ஆண்டு பூட்டி வைத்திருக்கிறோம். உயிரோடிருக்கும் பெண், எவருக்கும் காட்டவென எண்ணாத தன் குடும்ப விபரத்தைத் திறந்து போட்டிருக்கிறோம். நாம் எடுக்கும் புகைப்படமும் பேசும் பேச்சும் செல்லும் இடமும் நம் கைத்தொலைபேசி வழியே தூரதேசத்துக் கம்பனிகளின் கணக்கேட்டில் ஏறுகின்றன. வாசித்துப் பாராமலே ‘சம்மதம்’ என்று அழுத்துகிறோம். திறந்திருக்கவேண்டியது பூட்டிக் கிடக்கிறது. பூட்டியிருக்கவேண்டியது திறந்து கிடக்கிறது. இத்தலைகீழ் நிலைக்கு ஒரே காரணந்தான்: இரண்டு இடத்திலும் பூட்டைச் செய்தவன் சந்தைக்காகச் செய்தான், மனிதனுக்காகச் செய்யவில்லை.

7

வெறும் குறை கூறி முடிப்பது விமரிசனத்தின் கடமையாகாது. நமது கைக்கு எட்டிய சில காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, நூல் அச்சிடும் ஒவ்வொரு எழுத்தாளரும் முதற்பக்கத்தில் ஒரு வாக்கியம் எழுதட்டும்: இந்நூல் விற்பனையில் இல்லாது போய் ஐந்து ஆண்டு கழிந்தபின், வணிக நோக்கமின்றி எவரும் படியெடுத்துப் பரப்பலாம் என்று. சட்டத் திருத்தத்துக்குப் பாராளுமன்றம் வேண்டும்; இதற்குப் பேனா ஒன்றே போதும். இரண்டாவது, மறைந்த எழுத்தாளரின் குடும்பத்தார் அனைவரிடமும் நாமே செல்வோம், கையெழுத்துக் கேட்போம், கேட்கும்போது அவர்களுக்குரிய மதிப்பையும், இயன்றால் பொருளையும் கொடுப்போம். மூன்றாவது, கல்வெட்டு, பாடசாலைப் பதிவு, கோயிற் கணக்கு போன்றவற்றை வருடிக் காப்போம். ஆனால் உயிருடன் இருப்போர் பெயர் அடங்கியவற்றைக் குடும்பத்தின் சம்மதம் வரும்வரை ஆய்வாளருக்கு மட்டும் காட்டுவோம். காப்பது வேறு, காட்டுவது வேறு என்பதை ஆவணக்காரர் மறக்கலாகாது. நான்காவது, எண்ணிமப் பிரதி வந்துவிட்டதென்று அச்சுப் பிரதியைக் கைவிட்டுவிடக் கூடாது. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அனலைதீவிலும் ஒவ்வொரு வாசிகசாலையிலும் தீவகத்து எழுத்தாளரின் நூல்கள் காகிதத்தில் இருக்கட்டும். மின்சாரம் நின்றாலும், கம்பனி கதவடைத்தாலும், காகிதம் பேசும்.

புங்குடுதீவுக் கிணற்றடியிலே நின்றவர்கள் ‘இது எங்கள் முன்னோர் கிணறு’ என்று சொல்லித்தான் மற்றவர்களைத் தடுத்தனர். முன்னோரின் பெயரால் உயிரோடிருப்பவனின் தாகத்தை மறுப்பது பழைய தந்திரம். எழுத்தாளன் இறந்தபின் எழுபது ஆண்டு அவன் பெயராலேயே வாசகனைத் தடுப்பதும் அதன் தூரத்து உறவுமுறைதான். எழுத்தாளன் தன் மொழியைத் தானே படைத்துக்கொண்டவன் அல்லன். வலை இழுத்தவனும் பனை ஏறியவனும் தோட்டத்துக்கு நீரிறைத்தவளும் பேசிப் பேசி ஊற்றெடுக்கச் செய்த மொழியிலிருந்து அவன் ஒரு குடம் அள்ளினான். தன் உழைப்பைச் சேர்த்தான். அதற்குரிய கூலியை நாம் கொடுக்கவேண்டும். கூலி கொடுத்தபின் குடம் ஊருக்கே திரும்பவேண்டும்.

அன்று படகு நெடுந்தீவை அடைந்தபோது, இறங்குமுன் அந்த ஆசிரியர் தம் பையிலிருந்து ஒரு நூலை எடுத்து இளைஞன் கையிற் கொடுத்தார். தாம் எழுதியது. “படமெடுக்கிறதெண்டால் எடு தம்பி. ஆனால் முதல்ல வாசி,” என்றார். இளைஞன் விலை கேட்டான், கொடுத்தான். சட்டம் எழுதுவோர் ஒருமுறை அந்தப் படகில் ஏறிப் பார்க்கட்டும்.